புதுப் பழசு

பழசாக ஆக மதிப்புக் கூடுகிற பொருள்கள் உலகத்தில் சில உண்டு. புளி அவற்றில் ஒன்று. நத்தம் பக்கத்து வீடுகளில் பாட்டிமார் பரணில் ஒரு பானை பழம்புளியை ஒளித்து வைத்திருப்பார்கள். நாட்டு வைத்தியர் கேட்டால்தான் அது கீழே இறங்கும். ஊறுகாய் இன்னொன்று. சிநேகம் மூன்றாவது. கடன் மட்டும் விதிவிலக்கு. அது பழசாக ஆகக் கொடுத்தவருக்குக் கவலை கூடும். வாங்கியவருக்கு மறதி கூடும்.

பாட்டு இதில் எந்த ரகத்தைச் சேர்ந்தது என்பது வெகு நாளாக எனக்கு ஒரு சந்தேகம். அப்பா காலத்துப் பாட்டைக் கேட்டுப் பிள்ளைகள் முகத்தைச் சுளிப்பதும், அதே பிள்ளைகள் நாற்பது வயதில் அந்தப் பாட்டைத் தேடிப் பிடித்துக் கேட்பதும் எல்லா வீட்டிலும் நடக்கிற காரியம். அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஆச்சரியம் என்னவென்றால், இப்போது இருபது, இருபத்தைந்து வயதுப் பையன்கள், தாங்கள் பிறப்பதற்கு முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு வந்த பாட்டுகளை எடுத்துக்கொண்டு, அந்தக் காலத்து வாத்தியங்களையே தேடி வாங்கி, அந்தக் காலத்துச் சத்தத்தையே மறுபடி உண்டாக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். பாட்டுத்தான் வேண்டுமென்றால் கைபேசியில் கேட்டுவிட்டுப் போகலாமே! அவர்களுக்கு வேண்டியது பாட்டு மாத்திரமல்ல, சத்தம்.

இந்தப் பைத்தியம் நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. 1964 பிப்ரவரி 9 ஆம் தேதி இரவு, லிவர்பூலிலிருந்து வந்த பீட்டில்ஸ் என்ற நான்கு வாலிபர்கள் அமெரிக்கத் தொலைக்காட்சியில் பாடினார்கள். ஏழு கோடிக்கு மேற்பட்ட ஜனங்கள் பார்த்தார்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள். அதன் பிறகு அமெரிக்காவில் தெருவுக்கு நாலு பையன்கள் கிதாரும் கையுமாகக் கிளம்பிவிட்டார்கள். வீட்டுக்குள் வாசித்தால் அப்பா விடுவாரா? கார் நிறுத்துகிற கொட்டகையில் போய் வாசித்தார்கள். அந்தக் கொட்டகைக்குக் கராஜ் என்று பெயர். பிற்காலத்தில் அந்தச் சங்கீதத்துக்கும் அதுவே பெயராகிவிட்டது. சுருதி கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், ஒலிபெருக்கி கரகரக்கும், உற்சாகத்துக்கு மட்டும் குறைவிராது. பெரும்பாலான கோஷ்டிகள் இரண்டொரு இசைத்தட்டோடு மறைந்துபோயின. 1972 இல் லென்னி கே என்பவர் அந்த இசைத்தட்டுகளில் சிலவற்றைப் பொறுக்கி ஒரு தொகுப்பாக வெளியிட்டார். அதற்குப் பின் தலைமுறைக்குத் தலைமுறை யாராவது சில பிள்ளைகள் பழைய கிதாரையும் பழைய ஒலிபெருக்கியையும் வாங்கி, அதே கரகரப்பு வருகிறவரை பாடுபட்டுக்கொண்டிருக்கிறார்கள். தாத்தா வேண்டாமென்று எறிந்த குறையைப் பேரன் காசு கொடுத்து வாங்குகிறான்!

நம் நாட்டிலும் பெரிய நகரங்களில் இந்தக் காற்று அடித்தது. சிம்லா பீட் என்று ஒரு சிகரெட்டின் பெயரால் நடந்த போட்டியில் பாடிய கோஷ்டிகளின் பாட்டுகள் 1970 லும் 1971 லும் இசைத்தட்டாகவே வந்தன. சென்னையில் சபையர் தியேட்டர் கட்டடத்தின் அடித்தளத்தில் நைன் ஜெம்ஸ் என்று ஒரு விடுதி இருந்தது. உஷா உதுப் 1969 இல் புடவை கட்டிக்கொண்டு மேல்நாட்டுப் பாட்டுப் பாட ஆரம்பித்தது அங்கேதான். கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பைலா மெட்டில் தமிழைப் பாடி, பொப் இசை என்று தனியாக ஒரு வகையையே உண்டாக்கிவிட்டார்கள்.

நத்தத்தில் அந்த நாளில் கார் ஏது, கராஜ் ஏது? இருந்த கொட்டகைகளில் மாடு நின்றது. மாடு நிற்காத இடத்தில் மாங்காய்க் கூடையும் புளி மூட்டையும் இருந்தன. ஆனாலும் நம் ஊர்ப் பையன்களுக்கு ஒரு கராஜ் வாய்த்தது. அதுதான் சவுண்டு சர்வீஸ் கடை. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் மைக் செட்டும் டியூப் லைட்டும் சீரியல் விளக்கும் வாடகைக்கு விடுகிற கடை. முன்புறத்தில் கூம்பு ஒலிபெருக்கிகள் ஊமத்தம்பூவைப்போல் வாயைத் திறந்துகொண்டு அடுக்கியிருக்கும். பின்புறத்தில் ஒரு தகரக் கொட்டகை. அங்கே மின்சாரம் உண்டு, மைக் உண்டு, சத்தம் போட்டால் கேட்பாரில்லை. பாட ஆசைப்பட்டவன், தபலா தட்ட ஆசைப்பட்டவன், கிதாரைப் படத்தில் மட்டுமே பார்த்தவன் எல்லாரும் அங்கேதான் வந்து சேர்ந்தார்கள். சாஸ்திரீய சங்கீதம் சபாக்களில் வளர்ந்திருக்கலாம். மெல்லிசை வளர்ந்தது சவுண்டு சர்வீஸ் கடைகளின் பின்கட்டில்தான் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

அந்தப் பின்கட்டுக்கு எந்தச் சங்கீதம் வந்து சேர்ந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1952 இல் இசையமைப்பாளர் சி. ஆர். சுப்பராமன் இளம் வயதில் காலமானார். அவரிடம் ஆர்மோனியம் வாசித்த எம். எஸ். விஸ்வநாதனும், பிடில் வாசித்த டி. கே. ராமமூர்த்தியும் அவர் விட்டுப்போன வேலையை முடித்துக் கொடுத்தார்கள். அந்த ஆண்டே ‘பணம்’ படத்துக்கு இருவரும் சேர்ந்து இசையமைத்தார்கள். 1965 இல் ‘ஆயிரத்தில் ஒருவன்’ வரையில் பதின்மூன்று ஆண்டுகள் அந்த ஜோடி பிரியவில்லை. 1963 இல் அவர்களுக்கு மெல்லிசை மன்னர்கள் என்ற பட்டம் கிடைத்தது.

வேடிக்கை என்னவென்றால், அதே 1952 இல்தான் டாக்டர் கேஸ்கர் டில்லியில் ஒலிபரப்பு மந்திரியானார். சினிமாப் பாட்டு ஜனங்களின் ருசியைக் கெடுத்துவிடும் என்று அவர் நினைத்தார். அகில இந்திய ரேடியோவில் அதற்கு இடம் குறைந்தது. ஜனங்கள் என்ன செய்தார்கள்? முள்ளைத் திருப்பி இலங்கை வானொலியில் வைத்தார்கள். சர்க்கார் வாசற்கதவை அடைத்தது. பாட்டு கடல் வழியாக வந்தது. 1957 அக்டோபர் 3 ஆம் தேதி விவித பாரதியைத் தொடங்கிச் சர்க்காரும் கதவைத் திறக்க வேண்டியதாயிற்று.

அந்தப் பாட்டுகளில் இருந்த புதுமையை இன்று நாம் மறந்துவிட்டோம். ராகம் நம்முடையதாக இருக்கும். அதற்கு அடியில் கியூபாவின் பாங்கோஸ் துள்ளும். தாலாட்டுக்கு ஏற்ற மெட்டுக்கு ஐரோப்பிய வால்ஸ் நடை அமைந்துவிடும். ‘பாவ மன்னிப்பு’ (1961) வந்தபோது அக்கார்டியன் என்ற துருத்திப் பெட்டி தமிழ் ஜனங்களுக்கு உறவாகிவிட்டது. ‘காதலிக்க நேரமில்லை’ (1964) வந்தபோது கிதாரும் டிரம்ஸும் ட்விஸ்டும் மயிலாப்பூரிலிருந்து மார்த்தாண்டம் வரையில் சொந்தமாகிவிட்டன. மங்களமூர்த்தியின் அக்கார்டியனையும், பிலிப்ஸின் கிதாரையும், நோயல் கிராண்டின் டிரம்ஸையும் கேட்காத தமிழர் இல்லை. அவர்கள் பெயரைக் கேட்ட தமிழர்தான் குறைவு.

இன்னொரு விஷயமும் உண்டு. அந்தக் காலத்து ஒலிப்பதிவில் பாடகர், பிடில்காரர்கள், தபலாக்காரர், கிதார்க்காரர் எல்லாரும் ஒரே கூடத்தில் கூடி, ஒரே மூச்சில் பாடி வாசிக்க வேண்டும். முடிகிற சமயத்தில் ஒருவர் விரல் தவறினாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒருவர் தப்பு எல்லாருக்கும் தப்பு. நான்கு நிமிஷம் அத்தனை பேரும் ஒருவரை ஒருவர் கண்ணால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூடத்தின் காற்றும் சேர்ந்துதான் இசைத்தட்டில் பதிவாயிற்று.

இசைத்தட்டிலிருந்து அது மேடைக்கு வந்தது. ஊருக்கு ஊர் மெல்லிசைக் குழுக்கள் முளைத்தன. எஸ். பி. பாலசுப்பிரமணியம் பெரும் புகழ் அடைவதற்கு முன் நடத்திய மேடைக் குழுவில் இளையராஜாவும், பாஸ்கரும், கங்கை அமரனும் இருந்தார்கள். அதற்கும் முன்னால் அந்தச் சகோதரர்கள் தங்கள் அண்ணன் பாவலர் வரதராஜனோடு ஊர் ஊராகப் போய்ப் பாடியவர்கள். அவர்களுடைய பண்ணைப்புரமும் எங்கள் நத்தமும் அப்போது ஒரே மதுரை ஜில்லா. திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985 இல்தான்.

அதே 1985 இல் இன்னொரு சம்பவமும் நடந்தது. ஜப்பானில் ரோலண்டு கம்பெனியார் ஆக்டோபேட் என்று ஒரு கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். எட்டுச் சதுரம் உள்ள ஒரு பலகை. குச்சியால் தட்டினால், கூட இணைத்த கருவியிலிருந்து டிரம்ஸ் முதல் எந்தத் தாளச் சத்தம் வேண்டுமோ அது வரும். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே யமஹா கம்பெனியாரின் டிஎக்ஸ் 7 என்ற கீபோர்டு வந்துவிட்டது. பிடில், புல்லாங்குழல், அக்கார்டியன் எல்லாம் கீபோர்டுக்குள் புகுந்தன. தோல் வாத்தியங்கள் பலகைக்குள் புகுந்தன. பதினைந்து பேர் வேனில் போன குழு ஐந்து பேராகிக் காரில் போக ஆரம்பித்தது. மீதிப் பத்துப் பேர் எங்கே போனார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

ஒருவர் எங்கே போனார் என்று எனக்குத் தெரியும். அவர் என் தங்கை வீட்டில் காஜா எடுத்துக்கொண்டிருந்தார்.

நத்தத்தில் ரெடிமேட் சட்டைத் தொழில் பிரசித்தம். தெருவுக்குத் தெரு தையல் மிஷின் சத்தம் கேட்கும். என் தங்கையின் கணவரும் வீட்டு மாடியில் பத்துப் பன்னிரண்டு மிஷின் போட்டுச் சட்டை தைத்து அனுப்புகிறார். சட்டைக்குப் பொத்தான் துவாரம் போடுவதைக் காஜா எடுப்பது என்பார்கள். உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. அந்த மிஷினில் எழுபது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். எல்லாரும் அவரை மாஸ்டர் என்றே கூப்பிடுவார்கள். தையல் மாஸ்டர் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

சென்ற மாசித் திருவிழாவுக்குப் போயிருந்தேன். நத்தம் மாரியம்மன் கோயில் மாசித் திருவிழா என்றால் சுற்றுப்பட்டு ஜனமெல்லாம் திரண்டுவிடும். பூக்குழி இறங்குவோர் ஒரு பக்கம். வழுக்கும் கழுமரத்தில் ஏறத் துடிக்கும் இளவட்டங்கள் ஒரு பக்கம். வீட்டுத் திண்ணைகளில் பெண்கள் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தார்கள். மாந்தோப்புகள் பூத்திருந்தன. ஒரு நாள் காலையில் நாலைந்து பேர் என் தங்கை வீட்டு மாடிப்படி ஏறி வந்தார்கள்.

“அண்ணே, மாஸ்டருக்கு மூணு நாள் லீவு கொடுக்கணும்” என்றான் முன்னால் நின்ற பையன்.

“எதுக்குப்பா? ஆர்டர் நிக்குது” என்றார் என் மாப்பிள்ளை.

“கச்சேரிக்குண்ணே. எங்க குழுவுக்கு அவர்தான் பாங்கோஸ்.”

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் மாஸ்டரைப் பார்த்தேன். அவர் காஜா மிஷினைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பையன் செல்போன் பழுது பார்க்கிற கடையில் வேலை செய்கிறவன். அவன்தான் கிதார், அவன்தான் குழுவின் தலைவன். கூட வந்தவர்களில் ஒருவர் தனியார் பஸ் கண்டக்டர், டி. எம். சௌந்தரராஜன் குரலில் பாடுவார். ஒரு பெண் பள்ளிக்கூடத்தில் டீச்சர், எல். ஆர். ஈஸ்வரியின் பாட்டைப் பாடும்போது கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் டீச்சர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மாதா கோயில் பாடகர் குழுவில் வாசிக்கிற பையன் ஒருவன் மதுரையில் பழைய அக்கார்டியன் ஒன்றைப் பிடித்து, துருத்தியில் இருந்த ஓட்டைகளைத் தானே ஒட்டி வைத்திருந்தான். இவர்கள் செய்துகொண்ட பிரதிக்ஞை என்ன தெரியுமா? 1960 முதல் 1969 வரையில் வந்த பாட்டு மட்டும்தான். கீபோர்டு கிடையாது. ஆக்டோபேட் கிடையாது. இப்போது பல மேடைகளில் நடப்பதுபோல டிராக் என்று பின்னணியை ஓட விட்டு மேலே பாடுவது கிடையவே கிடையாது.

லீவு கிடைத்தது. நானும் சவுண்டு சர்வீஸ் கடைப் பின்கட்டுக்கு ஒத்திகை பார்க்கப் போனேன். கதை எழுதுகிறவனுக்கு இந்த மாதிரி இடங்களில் ஒரு மூலை எப்போதும் கிடைக்கும்.

மாஸ்டர் பாங்கோஸை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, திருகுகளை முறுக்கி, ஒரு விரலால் தட்டிப் பார்த்தார். காஜா மிஷினுக்கு முன்னால் நான் பார்த்த மனிதர் அல்ல அவர். தோள் இறங்கிற்று, கழுத்து நிமிர்ந்தது. விரல்கள் ஓட ஆரம்பித்தபோது தகரக் கூரையின் மேல் முதல் மழை விழுந்தாற்போல் இருந்தது. டீச்சரம்மாள் பாட வேண்டிய இடத்தை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

இடைவேளையில் டீயை உறிஞ்சிக்கொண்டே மாஸ்டர் மெல்லக் கேட்டார்: “ஏன் தம்பி, எனக்கு முந்தி உங்களுக்கு யாரு வாசிச்சது?”

“ஒரு பையன் மாஸ்டர். பேட் வாசிப்பான். நம்ம சத்தத்துக்கு அது ஒத்து வராதுன்னு நிறுத்திட்டோம்.”

“எங்க அவன்?”

கிதார்ப் பையன் வாசற்பக்கம் காட்டினான். பதினெட்டு, பத்தொன்பது வயது இருக்கும். ஒயர்ச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு பையன் நின்றிருந்தான். குழுவை விட்டுப் போக மனமில்லாமல் மைக் கட்டுகிற வேலைக்கு வந்திருக்கிறான்.

மாஸ்டர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. டீயும் பாதியில் நின்றுவிட்டது.

அன்று மாலை வீட்டுக்குத் திரும்பும்போது என்னிடம் சொன்னார். அவர் மேடை ஏறியது 1972 இல். திண்டுக்கல்லில் இருந்த ஒரு குழுவில் பத்தொன்பது ஆண்டுகள் வாசித்தார். 1991 இல் ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் எல்லாரும் கச்சேரிக்குக் கிளம்பும்போது குழுத் தலைவர் அவர் தோளில் கையைப் போட்டு, “இன்னிக்கு நீங்க வர வேண்டாம், புதுசா பேட் வாங்கியிருக்கு” என்றாராம். ‘இன்னிக்கு’ என்றுதான் சொன்னார். மறுநாளைக்கு என்று ஒன்று வரவேயில்லை.

“அந்தப் பேட் வாசிச்ச பையன் மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல தம்பி. அவன் பொழைப்பு அது. இப்ப என்னைக் கொண்டுவந்து வச்சுட்டு இந்தப் பையனை வெளிய நிறுத்தியிருக்காங்க. பஸ் ஸ்டாண்டுல நின்ன ஆளு நான். எனக்கு எப்படி இருக்கும்?”

சற்று நடந்த பிறகு அவரே தொடர்ந்தார்: “இன்னொண்ணு. இந்தப் பிள்ளைங்க 1964 மாதிரியே வேணும்கிறாங்க. அது என்கிட்ட ஏது? நாங்க ரெக்கார்டு மாதிரி ஒரு நாளும் வாசிச்சதில்ல. ரெக்கார்டுல அம்பது பிடில்னா எங்ககிட்ட ரெண்டு இருக்கும். இருக்கிறதை வச்சு வாசிச்சோம். அன்னிக்கு வந்த புதுப்பாட்டை அன்னிக்கே வாசிச்சோம். அப்ப அதுக்குப் பழைய பாட்டுன்னு யாரு பேர் வச்சா?”

கச்சேரி ஒரு தெருக்காரர்கள் போட்ட மேடையில் நடந்தது. முதல் ஒரு மணி நேரம் சுகமாகப் போயிற்று. கண்டக்டர் நிமிர்ந்து நின்று பாடியபோது முன்வரிசையில் இருந்த கிழவர்கள் தொடையில் தாளம் போட்டார்கள். அக்கார்டியன் மூச்சு விட்டதும் பின்னால் நின்ற ஒரு பாட்டியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் பிறப்பதற்கு முன்பே பிறந்த அந்தப் பாட்டுகள் என்னையும் ஏன் அப்படி உலுக்கின என்று யோசித்துப் பார்த்தேன். அந்தக் காலத்தை நான் கண்டதில்லை. ஆகவே அதற்காக ஏங்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் ஆறேழு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு ஒரு காரியத்தைச் சேர்ந்து செய்வதைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! ஏக்கம் காலத்துக்காக அல்ல, அந்தக் கூட்டத்துக்காக என்று தோன்றிற்று.

பிறகு சீட்டுகள் வர ஆரம்பித்தன. வாலிபர்களுக்கு இந்த ஆண்டு வந்த படத்தின் பாட்டு வேண்டும். கிதார்ப் பையன் ஒவ்வொரு சீட்டையும் படித்து மடித்துச் சட்டைப்பையில் போட்டான். விசில் வலுத்தது. விழாக் குழுவில் ஒருவர் மேடையோரம் வந்து, “ஒரு பாட்டு புதுசாப் போடுங்கப்பா, பசங்க ரகளை பண்றாங்க” என்று காதைக் கடித்தார்.

“முடியாதுங்க. நோட்டீஸ்லயே போட்டிருக்கோம்” என்றான் பையன்.

அப்போது மாஸ்டர் செய்த காரியத்தை நான் மறக்க மாட்டேன். கீழே ஒயரைப் பிடித்துக்கொண்டு நின்ற பையனைக் கையசைத்துக் கூப்பிட்டார். “பேட் எங்கடா? கொண்டா” என்றார். அது மேடைக்கு அடியில் கோணிப்பையில் இருந்தது. “இந்தப் பாட்டு தெரியுமா? மெதுவாப் பிடி. நான் மேல வரேன்.” அக்கார்டியன்காரனைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். மூன்று மாதம் முன்பு வந்த அந்தப் பாட்டு, பேட்டின் அடித்தாளத்தில் கிளம்பி, பாங்கோஸின் மேல் ஏறி, அக்கார்டியன் பிடித்த சா சா சா நடையில் குதித்துக்கொண்டு ஓடிற்று. டீச்சர் சமாளித்துப் பாடினாள். வாலிபர்கள் ஆடினார்கள். கிழவர்களும் தொடையிலிருந்து கையை எடுக்கவில்லை. கிதார்ப் பையன் மட்டும் கிதாரைக் கழற்றி வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

கச்சேரி முடிந்ததும் மேடைக்குப் பின்னால் சண்டை.

“நீங்க பண்ணது சரியில்ல மாஸ்டர்” என்றான் அவன். கண்ணில் நீர் நின்றது. “புதுசு வாசிக்க நூறு குழு இருக்கு. பழசை அப்படியே வச்சிருக்க ஒரு ஆளாவது வேண்டாமா? கொஞ்சம் கொஞ்சமா விட்டுக் கொடுத்துத்தானே உங்களையே விட்டாங்க?”

இந்தக் கேள்விக்கு மாஸ்டரிடம் உடனே பதில் இல்லை. எனக்கும் அவன் சொன்னதில் நியாயம் இருப்பதாகவே பட்டது. காப்பாற்றுகிறவன் கொஞ்சம் முரடனாகத்தான் இருக்க வேண்டும். 2013 ஏப்ரல் 14 இல் பி. பி. ஸ்ரீநிவாஸ் மறைந்தார், மூன்றே நாளில் டி. கே. ராமமூர்த்தி; அடுத்த மாதம் 25 ஆம் தேதி டி. எம். சௌந்தரராஜன், 2015 ஜூலையில் எம். எஸ். விஸ்வநாதன். அவர்கள் கைப்பட்ட சத்தத்தை நேரில் அறிந்தவர்கள் வருஷத்துக்கு வருஷம் குறைகிறார்கள். 2020 இல் ஊரடங்கு வந்தபோது சுபஸ்ரீ தணிகாசலம் என்ற அம்மையார் பழைய பாட்டுகளைப் புதிய பிள்ளைகளைக் கொண்டு வாத்தியத்துக்கு வாத்தியம் மறுபடி உருவாக்கி வெளியிட ஆரம்பித்தார். பாடுகிறவர் ஒரு வீட்டில், வாசிக்கிறவர் ஒரு வீட்டில், எல்லாவற்றையும் பிறகு ஒன்றாகச் சேர்த்தார்கள். ஒரே கூடத்தில் நெருக்கியடித்துப் பிறந்த பாட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாத காலத்தில் அப்படி மறு பிறவி எடுத்தது. லட்சக்கணக்கானவர்களுக்கு அந்த நாட்களில் அது மருந்தாக இருந்தது. அதைச் செய்தவர்களும் ஒரு சுரம் விலகக் கூடாது என்ற பிடிவாதக்காரர்கள்தாம்.

இந்த வழக்கில் எனக்கும் கொஞ்சம் சொந்த அக்கறை உண்டு. என் கதைகளைப் படித்துவிட்டு ஒரு வாசகி, ‘நீங்கள் அறுபது வருஷத்துக்கு முந்திய எழுத்தாளர்போல் எழுதுகிறீர்கள்’ என்று கடிதம் எழுதியிருந்தாள். பாராட்டா, புகாரா என்று இன்றுவரை விளங்கவில்லை. பழைய நடையை எடுத்துக்கொள்வதில் தவறில்லை என்றே நினைக்கிறேன். அந்த நடைக்குள் இன்றைய மனிதர் யாரும் வந்து உட்கார இடமில்லை என்றால்தான் அது பொருட்காட்சியாகிவிடும்.

விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் பாங்கோஸைச் சேர்த்துக்கொண்டபோது மிருதங்கத்தை வெளியே அனுப்பவில்லை. வந்த வாத்தியத்தையெல்லாம் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். அந்தச் சத்தத்தின் ரகசியம் வாத்தியத்தில் பாதிதான். உட்கார்ந்த ஆட்களின் நெருக்கத்தில் மீதிப் பாதி. ஒரு பையனை வெளியே நிறுத்திவிட்டு அந்தச் சத்தத்தைத் திரும்பக் கொண்டுவரப் பார்த்தால் கரகரப்பு வேண்டுமானால் வரும், சங்கீதம் வராது.

பங்குனியில் இன்னொரு ஊரில் கச்சேரிக்கு அவர்கள் அட்வான்ஸ் வாங்கிவிட்டார்கள். பேட் பையனும் மேடையில் இருந்தால்தான் வருவேன் என்றார் மாஸ்டர். பேட் ஏறினால் நான் இறங்கிவிடுவேன் என்றான் கிதார்ப் பையன். இரண்டு பேரும் என்னை மத்தியஸ்தத்துக்குக் கூப்பிட்டார்கள். நான் சொன்ன தீர்ப்பு இது: கச்சேரி முழுவதும் அறுபதுகளின் பாட்டு, ஒரு சுரம் மாறக் கூடாது. பேட் பையன் பேட்டை வீட்டில் வைத்துவிட்டு, மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து பாங்கோஸ் பழக வேண்டும். கடைசியில் ஒரே ஒரு பாட்டு மாஸ்டர் இஷ்டம். அதற்கு மட்டும் பேட் மேடையேறலாம்.

இந்தத் தீர்ப்பை இரண்டு தரப்பாரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் சவுண்டு சர்வீஸ் கடைப் பின்கட்டில் ஒத்திகை நடக்கிறது என்றும், இரண்டு ஜோடிக் கைகளின் பாங்கோஸ் சத்தம் கேட்கிறது என்றும், காஜாவுக்குத்தான் ஆள் அகப்படவில்லை என்றும் என் தங்கை போனில் சொன்னாள்.